சந்தனத்தின் மேல் விழுந்த பழி

ஜெயகிருஷ்ணனின் கிட்டாரைச் சரஸ்வதி பூஜையில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவனுடைய மாமனார் வேதாந்தம். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் நவராத்திரி அது. செங்கல்பட்டிலிருந்து படூருக்கு ஃபோன் செய்தவர், மகள் விஷாகாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். வரும்போது வாத்தியத்தையும் எடுத்து வந்துவிட வேண்டும், புத்தகங்களோடு அதுவும் கொலுவுக்கு முன்னால் இருக்கட்டும், மறுநாள் விஜயதசமி காலையில் தெருவில் நாலு பேரைக் கூப்பிடுகிறேன், நீங்கள் கொஞ்ச நேரம் வாசித்தால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றார்.

அந்தக் கிட்டாரை அதுவரை யாரும் வாத்தியம் என்று சொன்னதில்லை. ஜெயகிருஷ்ணனைப் பெற்ற அம்மா ராஜமே அதைச் சனியன் என்றுதான் சொல்வாள். கல்லூரியில் இருந்தபோது அதற்காக அவன் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளில் எப்போதாவது வாசிக்கப் போவதை ஊருக்கு ஃபோன் செய்யும்போது சொல்லவே மாட்டான். இங்கே ஒருவர் அதை அம்பாளுக்கு முன்னால் வைக்கிறேன் என்கிறார். ஃபோனை வைத்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து விஷாகா கேலி செய்தாள்.

வேதாந்தம் தாலுகா ஆபீசில் உதவியாளர். ஆனால் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை அந்த உத்தியோகத்தால் வந்ததல்ல. தெருக்கோடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். அதற்குச் சந்தனம் அரைத்துக் கொடுப்பது அவர்கள் குடும்பத்துக் கைங்கரியம். காலையில் குளித்ததும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அரைத்ததைக் கிண்ணத்தில் வழித்துக் கோயிலில் சேர்த்த பிறகுதான் ஆபீஸ் பஸ் ஏறுவார். கல்யாண வீடுகளுக்குக்கூட அவரிடம்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். வேதாந்தம் வீட்டுச் சந்தனம் வெண்ணெய் மாதிரி என்பது அந்தத் தெருவில் ஒரு பேச்சு. பெண் பார்க்க வந்தபோதே இதை மாமியார் சுந்தரவல்லி சொல்லியிருந்தாள்.

வாசிப்பதற்கு மோகன ராகத்தில் ஒரு வர்ணத்தைத் தேர்ந்தெடுத்தான் ஜெயகிருஷ்ணன். எதிர்வீட்டில் வீணை சொல்லிக் கொடுக்கும் ஞானம்பாள் டீச்சர் வருவார் என்று விஷாகா சொன்னதிலிருந்து அவனுக்கு ஒரு பரபரப்பு. வெறும் சினிமாப் பாட்டு வாசிக்கிற பையன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. தன் கிட்டாரில் கமகமும் வரும் என்று காட்ட வேண்டும்.

அதற்கு அவனிடம் வழி இருந்தது. அந்தக் கிட்டாரின் கம்பிகள் அடிப்பக்கத்தில் ஒரு இரும்புத் தகட்டில் மாட்டியிருக்கும். தகட்டிலிருந்து மெல்லிய கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ட்ரெமலோ என்பார்கள். கையை அமுக்கினால் தகடு சாயும், கம்பிகள் தளரும், சுரம் குழையும். விட்டால், முதுகுப் பக்கத்துக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். முன்னால் கம்பிகள் இழுக்க, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் தகடு மட்டமாக நிற்க வேண்டும். நின்றால்தான் சுருதி நிற்கும்.

நாதம் கொஞ்சம் கனமாக இருந்தால் வீணைபோல ஒலிக்கும் என்று தோன்றி, வழக்கமாகப் போடும் மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பிகளைப் போட முடிவு செய்தான். அவனோடு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, பாண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கும் அச்சுதன் அதைக் கேட்டதும் காண்டீனிலேயே எச்சரித்தான்.

"கம்பி தடியாச்சுன்னா முன்னாடி இழுப்பு ஜாஸ்தி மச்சான். பின்னாடி ஸ்பிரிங்க இறுக்கு. நட்டுல காடியையும் கொஞ்சம் தேய்ச்சு வுடு. இல்லாங்காட்டி அங்க போய் பேஜாரா பூடும்."

நட் என்பது கிட்டாரின் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வெள்ளைத் துண்டு. அதில் வெட்டியிருக்கும் காடிகளில்தான் கம்பிகள் உட்கார்ந்து தலைப்பக்கம் போகும். மெல்லிய கம்பிக்கு வெட்டிய காடியில் தடித்த கம்பியைத் திணித்தால் அது சிக்கிக்கொள்ளும். ட்ரெமலோக் கையை அமுக்கி விட்டால் கம்பி பழைய இடத்துக்குத் திரும்பி வராது. இதெல்லாம் ஜெயகிருஷ்ணனுக்குத் தெரியாததல்ல. அச்சுதனுக்கே இதைச் சொல்லிக் கொடுத்தது அவன்தான்.

பூஜையன்று பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் கம்பிகளை மாற்றினான். ஒன்றைச் சுருதி சேர்த்தால் இன்னொன்று இறங்கியது. அதை ஏற்றினால் முதல் கம்பி இறங்கியது. முறுக்காணியைத் திருப்பும்போது நட்டில் கம்பி சிக்கி, 'டிக்' என்று குதித்து நகர்ந்தது. அந்தச் சத்தத்தை அவன் நன்றாகவே கேட்டான். விஷாகா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். செங்கல்பட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று உறையில் போட்டு மூடினான்.

செங்கல்பட்டில் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே வேதாந்தம் இரண்டு கைகளையும் நீட்டிக் கிட்டாரை வாங்கிக்கொண்டார். குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். கொலுப்படிக்கு முன்னால் கோலம் போட்ட பலகையில் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அன்று காலை அரைத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு அதன் தலையில் பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். தீபாராதனை ஆனது. இனி மறுநாள் மறுபூஜை முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது. கொஞ்சம் சரி செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். அத்தனை பக்தியாக வைத்ததை எடுத்துத் தாருங்கள் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. காலையில் கிடைக்கும் நேரம் போதும் என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் மறுபூஜை முடியும்போதே கூடம் நிறைந்துவிட்டது. ஞானம்பாள் டீச்சர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் தன் மனைவியோடு வந்திருந்தார். வேதாந்தம் பட்டுக்கரை வேட்டியில் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து, வருகிறவர்களிடம் எல்லாம் மாப்பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜெயகிருஷ்ணன் தான் கொண்டு வந்திருந்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் கிட்டாரை மாட்டி, அவசர அவசரமாகச் சுருதி சேர்த்தான். பிறகு, யாரும் கேட்காமலே, டீச்சரிடம் ட்ரெமலோக் கையைக் காட்டினான்.

"இதை அசைச்சா நம்ம கமகம் அப்படியே வரும் டீச்சர்."

"வாசிங்க, கேப்போம்" என்றார் அவர்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் அந்தக் கையை அசைத்தான். அதற்குப் பிறகு அவன் தொட்ட காந்தாரம் காந்தாரமாக இல்லை. நிறுத்தினான். முறுக்காணிகளைத் திருப்பினான். மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை இன்னும் மோசம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மூன்றாவது முறை நிறுத்தியபோது பன்னீர்செல்வம், "இன்னா தம்பி, மிஷினு ரிப்பேரா?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான்.

ஜெயகிருஷ்ணனின் காது மடல்கள் சுட்டன. குனிந்து பார்த்தவன் கண்ணில் கிட்டாரின் தலையில் காய்ந்திருந்த சந்தனம் பட்டது.

"சந்தனம் காடிக்குள்ள இறங்கியிருக்கு. மணல் மாதிரி அடைச்சுக்கிட்டிருக்கு. கம்பி எப்படி நகரும்? இதுமேல எல்லாம் இதைப் பூசலாமா?"

 வேதாந்தம் வாசல் நிலையருகே நின்றிருந்தார். அங்கிருந்தே அவர் இரண்டு கைகளையும் சேர்த்தார்.

"என் கைதான் தப்பு, மாப்பிள்ளை. தெரியாம வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

கிட்டே வந்து, தோளில் இருந்த அங்கவஸ்திரத்தின் நுனியால் அந்தப் பொட்டைத் துடைத்தார். அழுந்தத் துடைத்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து மெல்லத் துடைத்தார். வந்தவர்கள் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு சீக்கிரமே எழுந்து போனார்கள்.

திரும்பும் பஸ்ஸில் விஷாகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திருப்போரூர் தாண்டிய பிறகுதான் பேசினாள். நிஜமாகவே சந்தனத்தால்தானா என்று கேட்டாள். வேறு எதனால் என்று அவன் திருப்பிக் கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தனத்தைச் சுத்தம் செய்யக் கிட்டாரை மேஜையில் கிடத்தினான். கம்பிகளைத் தளர்த்திக் காடியிலிருந்து விலக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு காடியையும் தேய்த்துக் கீழே வெள்ளைத் தாளில் தட்டினான். கம்பியிலிருந்து உதிர்ந்த கறுப்புத் துகள் கொஞ்சம் விழுந்தது. மஞ்சளாகவோ வெளுப்பாகவோ ஒன்றும் விழவில்லை. பொட்டு வைத்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். தலையின் நடுவில், பளபளப்பு மரத்தின் மேல், வட்டமாக ஒரு மங்கல் மட்டும் இருந்தது. நட்டுக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. அவர் எதையும் தொடாமல், கம்பிகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்.

கம்பிகளை மறுபடி ஏற்றினான். ஏற ஏற ட்ரெமலோத் தகட்டின் பின்பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது. பாதி திறந்த பெட்டி மூடிபோல நின்றது. பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். இது சிறுபிள்ளைக்கும் தெரியும். முதுகைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளை இறுக்கினால் போதும்.

அவன் இறுக்கவில்லை. கிட்டாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டான். சரி செய்து வாசித்தால் விஷாகாவுக்குக் கேட்கும். எப்படிச் சரியானது என்று கேட்பாள்.

சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தனம் போய்விட்டதா என்று கேட்டாள். ம் என்றான்.

அதற்குப் பிறகு சுந்தரவல்லியின் ஃபோன் வரும்போதெல்லாம் அவன் பால்கனிக்குப் போய்விடுவான். போனாலும் செய்தி வந்து சேர்ந்துவிடும். பன்னீர்செல்வம் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும், "இன்னாப்பா வேதாந்தம், உன் சந்தனத்துல மணல் கீதாமே, பெருமாள் கன்னம் பத்திரம்பா" என்று கேலி பேசினாராம். அவர் எல்லோரையும் கேலி பேசுகிறவர்தான். வேதாந்தமும் சிரித்தாராம். அன்று வீட்டுக்கு வந்து கல்லைக் கவிழ்த்துக் கழுவி, விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம். மறுநாள் அரைத்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது விஷாகா சொன்னாள்.

"அப்பா கோயிலுக்குச் சந்தனம் அரைக்கறதை விட்டுட்டாரு. தோள்வலின்னு அர்ச்சகர்கிட்ட சொல்லிட்டாராம். தோள்வலி ஒண்ணும் இல்லைன்னு அம்மா சொல்றாங்க."

ஜெயகிருஷ்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். குழம்பு ஊற்றாமலே பிசைந்துகொண்டிருப்பதை அவள் சொல்லித்தான் கவனித்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான். ஆபீஸ் பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கிப் பார்த்தான். மாமனாருக்கு ஃபோன் செய்து, நான் இப்போது பார்த்தேன், அது சந்தனம் இல்லை போலிருக்கிறது என்று மேலோட்டமாகச் சொல்லலாம். 'போலிருக்கிறது' என்ற சொல்லை நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தெரியாமல் செய்ததாகக் காட்டிக்கொள்ள அதற்குள் ஒரு வழி தேடியாகிவிட்டது.

தீபாவளி வந்தது. தலை தீபாவளி. முதல் நாள் மாலை செங்கல்பட்டுக்குப் பைக்கில் கிளம்பும்போது அலமாரி மேலிருந்து கிட்டாரை இறக்கினான். அது எதற்கு என்று விஷாகா கேட்டாள். எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னான். அவள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கேளம்பாக்கம் கடைத்தெருவில் பட்டாசுக் கூட்டம். அதைத் தாண்டித் திருப்போரூரில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். டீ ஆறும்வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அச்சுதன் சொன்னது, காடியில் கேட்ட சத்தம், வெள்ளைத் தாளில் ஒன்றும் விழாதது, அன்றே தெரிந்தும் இத்தனை நாள் சொல்லாதது.

விஷாகா குடிக்காத டீயைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரிஞ்சும் இத்தனை நாளா, எங்க அம்மா ஃபோன்ல அழறாங்கன்னு நான் சொல்றதைக் கேட்டுட்டு இருந்தீங்களா?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்பாகிட்டத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிடலாம்னு பாக்காதீங்க" என்றாள். "அன்னைக்குக் கூடத்துல யார் யார் இருந்தாங்களோ, அவங்க எல்லாருக்கும் தெரியணும்."

வண்டியில் ஏறியவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 

மறுநாள் விடியலில் சுந்தரவல்லி எண்ணெய் வைத்தாள். குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தவனை மணையில் உட்காரச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் வெள்ளித் தட்டு. அதில் பழம், பூ, வெற்றிலை, குங்குமம், சந்தனக் கிண்ணம். கிண்ணத்தில் இருந்தது கடையில் பொட்டலமாக விற்கும் மஞ்சள் பொடி. பன்னீர் விட்டுக் குழைத்திருந்தார்கள். செயற்கை வாசனை மூக்கில் ஏறியது. வேதாந்தம் அதை அவனிடம் நீட்டியபோது சங்கடத்தோடு சிரித்தார்.

"இது நைசா இருக்கும், மாப்பிள்ளை. சலிச்சுதான் வெச்சிருக்கேன்."

ஜெயகிருஷ்ணன் அதைத் தொட்டான். நெற்றியில் இட்டுக்கொண்டான்.

பலகாரத் தட்டுகளோடு அக்கம்பக்கத்தார் வர ஆரம்பித்தார்கள். ஞானம்பாள் டீச்சர் வந்தார். பன்னீர்செல்வம் தம்பதி வந்தார்கள். கொலுவுக்கு வந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. எல்லோரும் உட்கார்ந்ததும் விஷாகா உள்ளேயிருந்து வந்து சுவர் ஓரமாக நின்றாள். அவனைப் பார்த்தாள். அவன் எழுந்தான்.

அன்றைக்குக் கிட்டார் சுருதி விலகியதற்கும் மாமா வைத்த சந்தனத்துக்கும் சம்பந்தமே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, அவமானத்தில் அவர் மேல் பழி போட்டுவிட்டேன் என்று சொன்னான். நினைத்ததைவிடச் சின்ன வார்த்தைகளாகவே வந்தன. சொல்லி முடித்ததும் ஒரு பெரிய வசவுக்காகக் காத்திருப்பவன்போல நின்றான்.

வசவு வரவில்லை. பன்னீர்செல்வத்தின் மனைவிதான் முதலில் பேசினாள். மாமனார் மனசு கஷ்டப்படக் கூடாதென்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாரே, இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனசு வரும் என்றாள். விஷாகா புண்ணியம் செய்தவள் என்றாள் இன்னொருத்தி. வேதாந்தத்தின் கண்கள் கலங்கின. அவர் அவன் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்.

"வேணாம் மாப்பிள்ளை. உங்க பெருந்தன்மை எனக்குத் தெரியும். நல்ல நாளும் அதுவுமா நீங்க இப்படி நிக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

ஜெயகிருஷ்ணனுக்கு இதுவரை பட்டதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. அவன் பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது அவனை நல்லவன் என்கிறார்கள். இப்படியே உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் இந்தத் தெருவில் காலத்துக்கும் அவன் தங்கமான மாப்பிள்ளை. சுவர் ஓரத்தில் விஷாகா அசையாமல் நின்றாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கிட்டாரையும் கருவிகள் இருந்த பையையும் எடுத்து வந்து கூடத்தின் நடுவே தரையில் உட்கார்ந்தான். இந்த முறை ஒலிபெருக்கிப் பெட்டி கொண்டு வரவில்லை. சத்தம் மெலிதாகத்தான் வரும், தயவுசெய்து எல்லோரும் கிட்டே வாருங்கள் என்றான். நாற்காலிகள் நகர்ந்தன.

ஈரத்துணி கேட்டு வாங்கி, தலையையும் நட்டையும் அவர்கள் பார்க்கத் துடைத்தான். சந்தனம் எங்கேயாவது இருக்கிறதா என்று பன்னீர்செல்வத்தையே விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னான். இல்லை என்று அவர் தலையசைத்தார். எதிர்வீட்டிலிருந்து டீச்சரின் சுருதிப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, அதோடு கம்பிகளைச் சேர்த்தான். சேர்த்து முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. ஒன்று ஏற, ஒன்று இறங்கியது. பிறகு ட்ரெமலோக் கையை ஒரு முறை அமுக்கி விட்டுவிட்டு மீட்டினான்.

டீச்சர் முகத்தைச் சுளித்தார். "விலகிடுச்சு. அன்னைக்கும் இதே மாதிரிதான் விலகுச்சு."

"அன்னைக்கும் இதேதான் டீச்சர். அதுக்கப்புறம் காடியைத் தேய்ச்சுத் துடைச்சதோட சரி, வேற எதையும் சரி பண்ணல."

தூக்கி நிற்கும் தகட்டைக் காட்டினான். கிட்டாரைக் கவிழ்த்து முதுகு மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளைக் காட்டினான். கம்பிகளைத் தளர்த்தித் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். மறுபடி கம்பிகளை ஏற்றிப் பார்த்தான். இன்னும் தூக்கியிருந்தது. மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கினான். யாரும் எழுந்து போகவில்லை. வெளியே சரவெடி வெடித்து ஓய்ந்தது. தகடு மட்டமாக வந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு கம்பியாக நட்டிலிருந்து விலக்கி, மெல்லிய உப்புத்தாளை மடித்துக் காடியை ஓரிரு முறை தேய்த்து, பென்சில் முனையை உள்ளே உரசினான். பென்சில் கரி பட்டால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும், இதுவும் தனக்கு முன்பே தெரியும் என்றான்.

சுருதி சேர்த்தான். கையை அமுக்கினான், விட்டான். இன்னும் அழுத்தமாக அமுக்கினான். மீட்டியபோது சுருதிப் பெட்டியோடு கம்பிகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

ஞானம்பாள் டீச்சர் பெட்டியை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவனை நேராகப் பார்த்தார்.

"அப்போ, செய்ய வேண்டியதைச் செய்யாம வந்துட்டு, தெரிஞ்சே அவர் சந்தனத்தைச் சொன்னீங்க."

"வாயில வந்தப்போ நிச்சயமாத் தெரியாது. ஆனா காரணம் இதுதான்னு உள்ளுக்குள்ள தெரியும். அந்த வாரமே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். சொல்லல."

இப்போது யாரும் அவனைப் பெருந்தன்மைக்காரன் என்று சொல்லவில்லை. பன்னீர்செல்வத்தின் மனைவி பலகாரத் தட்டை மூடும் சாக்கில் குனிந்துகொண்டாள். பன்னீர்செல்வம் தன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். நானும் வாய நீட்டிட்டேன் வேதாந்தம் என்றார், யாரையும் பார்க்காமல்.

வேதாந்தம் தூணோரம் நின்றிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் வீட்டில், தலை தீபாவளியன்று, மாப்பிள்ளை தரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இதை என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு நான் தனியாச் சொல்லலையே, மாமா."

அவர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கல்லில் கட்டை உரசும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் மெதுவாக விடைபெற்றுப் போனார்கள். எதையோ எடுக்க உள்ளே போன சுந்தரவல்லி வெகுநேரம் திரும்பி வரவில்லை.

வேதாந்தம் கிண்ணத்தோடு கோயிலுக்குக் கிளம்பிப் போகும்போது ஜெயகிருஷ்ணன் இன்னும் கூடத்துத் தரையில்தான் இருந்தான். விஷாகா வந்து, சிதறிக் கிடந்த பென்சிலையும் உப்புத்தாள் துண்டுகளையும் பொறுக்கினாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் வேட்டியில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள்.

"புது வேட்டி" என்றாள்.

"ம்."

"சாயங்காலம் தோய்ச்சுடறேன். குடுங்க."

மாப்பிள்ளை முதலில் சாப்பிட வேண்டும் என்று சுந்தரவல்லி இலை போட்டாள். மாமா வரட்டும் என்று அவன் உட்கார மறுத்துவிட்டான். அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு இன்னொரு இலையும் போட்டாள்.

வேதாந்தம் உச்சிக்கால பூஜை முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.  சாம்பார் சாதம் முடிந்து ரசம் வந்தபோதுதான் கேட்டார்.

"அந்த ஸ்பிரிங்கை இறுக்கி எல்லாம் முடிக்க எவ்வளவு நேரமாச்சு, மாப்பிள்ளை?"

"கால் மணி, அரை மணி இருக்கும் மாமா."

அவர் ரசத்தைச் சோற்றோடு கலந்தார். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்ப்பதுபோலத்தான் சொன்னார்.

"அன்னைக்கு அந்த அரை மணியைக் கேட்டிருந்தா, வந்தவங்களுக்கெல்லாம் இன்னொரு வாட்டி காபி குடுத்து உக்கார வெச்சிருப்பேனே."

ஜெயகிருஷ்ணனால் நிமிர முடியவில்லை. இலையில் ரசம் ஓரத்துக்கு ஓடியது. அது வழிந்துவிடாமல் வேதாந்தம் தன் கையாலேயே அவன் இலையின் நுனியை மெல்ல மடித்துவிட்டார்.